அசல் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா

நைனார்பாளையம்
6.7.2025

அன்பு மகள் சுபஸ்ரீக்கு அப்பா மாயவன் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். கறவை மாடு எங்களைவிடச் சுகம். வேலை செய்யாத உடம்புக்கு ஒரு குறையும் வராது என்று உன் அம்மா மாட்டைப் பற்றிச் சொல்கிறாள். சொல்லும்போது பார்ப்பது என்னை.

போனை நம்பிப் பயனில்லை. முந்தாநாள் நீ பேசியதில் என் காதுக்கு வந்தது "அப்பா, குளிர், சோறு, டவர்" என்ற நான்கு சொல்தான். அவற்றை ஒட்டவைத்து, "டவர் இல்லாததால் சோறு குளிர்ந்துபோகிறதாம்" என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் அரைநாள் கவலைப்பட்டாள். அதனால்தான் பேனாவை எடுத்தேன். நம் தெரு சின்னக்கண்ணு வெள்ளிமலை பஸ்ஸில் கண்டக்டராக ஓடுகிறான் அல்லவா, அவனிடம் கொடுத்துவிடுகிறேன். உன் பள்ளிக்கூடத்துக்கு எதிரே உள்ள கடையில் போட்டுவிடுவான். பதிலையும் அவனிடமே கொடு.

நான் பத்தாவதில் கணக்குப் பரீட்சைக்குப் போனேன், போனேன், போய்க்கொண்டே இருந்தேன். கடைசியில் கணக்கே சலித்துப்போய் என்னை விட்டுவிட்டது. அப்பேர்ப்பட்டவன் பெற்ற பெண் இன்று பத்தாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். ராமசாமி டீக்கடையில் இதை நான் சொல்லாத நாள் இல்லை. கேட்காத ஆள்தான் கிடைக்கவில்லை.

அம்மா கடலை உருண்டை கொடுத்தனுப்பியிருக்கிறாள். பிள்ளைகள் எப்படி, சொன்ன பேச்சு கேட்கிறார்களா, எழுது. ஸ்வெட்டரைப் பெட்டியில் வைத்துப் பூட்டாமல் உடம்பில் போடு.

இப்படிக்கு உன் அப்பா,
மாயவன்

*

கல்வராயன் மலை
20.7.2025

அன்புள்ள அப்பாவுக்கு சுபஸ்ரீயின் வணக்கம். நான் நலம். அம்மாவின் சர்க்கரையும் உங்கள் முழங்காலும் எப்படி இருக்கின்றன? கடலை உருண்டை வந்து சேர்ந்தது. வழியில் இரண்டைத் தின்றுவிட்டதாகச் சின்னக்கண்ணு அண்ணனே ஒப்புக்கொண்டார்.

பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். ஒருவனைத் தவிர. கலைவாணன் என்று பெயர். பத்தாம் வகுப்பு, கடைசி பெஞ்ச். கணக்கு நன்றாக வரும். ஆனால் வாயைத் திறக்க மாட்டான். போன வாரம் சத்துணவு வரிசையில் நின்றபோது, கையிலிருந்த எவர்சில்வர் தட்டால் சுபாஷ் என்ற பையனின் வாயில் அடித்துவிட்டான். முன்பல் பாதி போய்விட்டது. ஏன் அடித்தாய் என்று தலைமையாசிரியர் கேட்டார், நான் கேட்டேன், மற்ற ஆசிரியர்களும் கேட்டார்கள். ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு நின்றான். அடிபட்டவனும் காரணத்தைச் சொல்லவில்லை. முட்டி போடச் சொன்னால் போடுகிறான். எழுந்திரு என்று சொல்ல மறந்தால் மணி அடித்த பிறகும் அப்படியே இருக்கிறான். அதைக் கீழ்ப்படிதல் என்பதா, எதிர்ப்பு என்பதா, எனக்குத் தெரியவில்லை.

டி.சி. கொடுத்து அனுப்பிவிடலாம் என்கிறார் தலைமையாசிரியர். பொதுத்தேர்வு எழுத வேண்டிய பையன். நான்தான் கெஞ்சி அவகாசம் வாங்கியிருக்கிறேன். "அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா" என்று சொல்லி ஒரு வாரம் ஆகிறது. யாரும் வரவில்லை.

உங்கள் காலத்தில் இப்படிப்பட்ட பையன்களை என்ன செய்தார்கள், அப்பா?

உங்கள் உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

அன்பு மகள்,
சுபஸ்ரீ

*

நைனார்பாளையம்
27.7.2025

அன்பு மகளுக்கு அப்பாவின் ஆசி. முழங்கால் மழைக்கு முன்னால் வலிக்கிறது, மழைக்குப் பின்னாலும் வலிக்கிறது. ரேடியோவுக்குப் பதில் வைத்துக்கொள்ளலாம். அம்மாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது, அந்தச் சந்தோஷத்தில் ஒரு ஜிலேபி சாப்பிட்டாள்.

இப்படிப்பட்ட பையன்களை என்ன செய்தார்கள் என்று சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறாய். நானே அந்தப் பையன்தானே. ஒன்பதாவதில் ஹெட்மாஸ்டர் சைக்கிளில் காற்றைப் பிடுங்கிவிட்டேன். அப்பாவைக் கூட்டி வா என்றார். என் அப்பாவைக் கூட்டிப்போனால் அவர் முதலில் என்னை அடிப்பார், பிறகு சைக்கிளைத் துடைப்பார். அதனால் கூட்டுரோட்டில் பஞ்சர் கடை வைத்திருந்த ஒருவரைப் பரோட்டா வாங்கித் தருவதாகச் சொல்லி அப்பாவாக அழைத்துப்போனேன். அந்த மனுஷன் வேஷத்தில் அப்படியே ஊறிப்போனார். ஹெட்மாஸ்டர் பேசி முடிப்பதற்குள், "உன்னப் பெத்ததுக்கு ஒரு கன்னுக்குட்டிய வளத்திருக்கலாண்டா" என்று சொல்லிச் சொல்லி அடித்தார். என் சொந்த அப்பா ஆயுசில் அவ்வளவு அடித்ததில்லை. ஹெட்மாஸ்டரே எழுந்து வந்து தடுத்தார். அதற்கப்புறம் பஞ்சர் கடைக்காரர் பரோட்டாவையும் வாங்கித் தின்றுவிட்டுத்தான் போனார்.

ஆகவே அப்பாவின் அனுபவப் பாடம் இது. உன் பையனும் ஒரு வாடகை அப்பாவைக் கொண்டுவந்து நிறுத்துவான். ஏமாறாதே. ஆதார் கார்டைக் காட்டச் சொல். எங்கள் காலத்தில் அது இல்லாததால்தான் நான் பிழைத்தேன். அசல் அப்பா வந்து நின்றால் எப்பேர்ப்பட்ட பையனும் அடங்குவான். வராவிட்டால் வாசலுக்கு வெளியிலேயே நிறுத்து. நீ புது டீச்சர், சின்னப் பெண். முதல் வருஷம் இளகினால் அப்புறம் எந்த வருஷமும் மதிக்க மாட்டார்கள்.

குளிரில் பச்சைத் தண்ணீர் குடிக்காதே.

அப்பா,
மாயவன்

*

கல்வராயன் மலை
10.8.2025

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். நான் நலம். தொண்டை மட்டும் கொஞ்சம் கட்டியிருக்கிறது, வெந்நீர்தான் குடிக்கிறேன். ஜிலேபி விஷயத்தை அம்மாவிடம் நேரில் வந்து பேசிக்கொள்கிறேன்.

அப்பா, நீங்கள் ஜோசியம் பார்க்கலாம். நீங்கள் எழுதியது அப்படியே நடந்தது!

செவ்வாய்க்கிழமை கலைவாணனுடன் ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, தலை படிய வாரியிருந்தார். என்னைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டார்.

"நாந்தாங்க மூக்கன். இவன் அப்பன். பையன் செஞ்சது தப்புதாங்க டீச்சர். இந்த ஒருதபா மன்னிச்சி உள்ள வுட்ருங்க."

"ஆதார் கார்டு கொண்டுவந்திருக்கிறீர்களா?"

"அது... வூட்ல கீதுங்க."

"போய் எடுத்து வாருங்கள். காத்திருக்கிறேன்."

பின்னால் நின்ற பிள்ளைகள் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். "மிஸ், அது ஜீப் ஓட்டற அய்யப்பன் மாமா மிஸ்" என்று ஒரு பெண் கத்தினாள். அந்த ஆள் சிரிக்கவில்லை. ஏதோ சொல்ல வந்து, கலைவாணனைப் பார்த்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எல்லார் முன்னாலும் சொன்னேன்: "அசல் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா. அவர் இல்லாமல் இந்த வாசலுக்குள் கால் வைக்காதே."

அவன் என்னோடு முதல்முறையாகப் பேசினான், அப்பா.

"அசலுதான் வேணுமா மிஸ்?"

"ஆமாம்."

"சரிங்க மிஸ்."

பையை எடுத்துக்கொண்டு நேராகப் போனான், திரும்பிப் பார்க்கவில்லை. இத்தனை நாள் வாய் திறக்காதவன் "சரிங்க மிஸ்" என்று சொன்னதே எனக்குப் பெரிதாகப் பட்டது. தலைமையாசிரியர்கூட, "பரவாயில்லையே, கண்டிப்பு இருக்கிறதே உனக்கு" என்றார்.

உங்கள் பஞ்சர் கடைக்காரருக்கு என் நன்றி. இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்பு மகள்,
சுபஸ்ரீ

*

நைனார்பாளையம்
17.8.2025

அன்பு மகளுக்கு. தொண்டைக்கு அம்மா மிளகும் பனங்கற்கண்டும் பொடித்து அனுப்பியிருக்கிறாள். நாங்கள் நலம். உன் கடிதம் வந்ததிலிருந்து நான் நலத்துக்கும் மேலே ஏதோ ஒன்று.

கடிதத்தை ராமசாமி டீக்கடையில் சத்தமாகப் படித்தேன். ஜீப் டிரைவர் செருப்பைக் கழற்றிய இடத்தில் கடையே சிரித்தது. "இன்னாடா மாயவா, நீ பத்தாவது பெயிலானதுக்கு இப்பதான் ஒரு பிரயோஜனம் வந்திருக்குது" என்றான் ராமசாமி. இன்னொருமுறை படிக்கச் சொன்னார்கள். படித்தேன். மூன்றாம்முறை அவர்கள் கேட்கவில்லை, நானாகப் படித்தேன்.

அந்த அசல் மூக்கன் வந்தாரா, பையன் அடங்கினானா, எழுது. கடையில் எல்லாரும் முடிவுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அப்பா,
மாயவன்

*

நைனார்பாளையம்
14.9.2025

அன்பு மகள் சுபஸ்ரீக்கு. நாங்கள் இருவரும் நலம். நீ நலமா?

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. "கடைல கேட்டேன் மாமா, டீச்சர் ஒண்ணும் குடுக்கலையாம்" என்கிறான் சின்னக்கண்ணு. அவன் கடலை உருண்டையைத் தின்பவன்தான், கடிதத்தைத் தின்பவன் இல்லை. போனை அடித்தால் ஒரு பெண் தெலுங்கு மாதிரி ஏதோ சொல்கிறாள். "நீங்க இன்னாத்தயாவது ஏடாகூடமா எழுதிக் கோவம் மூட்டினீங்களா" என்று உன் அம்மா என்னைக் குடைகிறாள். எழுதியதையெல்லாம் யோசித்துப் பார்த்தேன். ஏடாகூடம் நிறைய இருக்கிறது. எது என்று தெரியவில்லை.

காலாண்டுப் பரீட்சை வேலையாக இருக்கும் என்று உன் அம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். ஒரு வரி எழுது. மூக்கன் வந்தாரா?

அப்பா

*

கல்வராயன் மலை
28.9.2025

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். உடம்பு நன்றாக இருக்கிறது. கோபமெல்லாம் இல்லை. பரீட்சை, மழை. மலைப்பாதையில் மரம் விழுந்து பஸ்ஸும் சில நாள் வரவில்லை.

கலைவாணன் அன்று போனவன் பள்ளிக்கு வரவில்லை. நான் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா பெரியம்மாள் சாமைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தார்.

"கலை எங்கேம்மா?"

"அவங்கப்பாவ இட்டாரப் போயிருக்கறான்."

"எங்கே?"

"கீழ."

கையால் மலைக்குக் கீழே காட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீங்கதான அசலு வேணும்னு சொன்ன டீச்சரு?"

கோபமே இல்லை அந்தக் குரலில். வழி கேட்பதுபோலக் கேட்டார். ஆமாம் என்றேன். "குந்துங்க, மழ வருது" என்று குடிசைக்குள் கூட்டிப்போய்ச் சாமைக் கஞ்சி கொடுத்தார். குடித்தேன்.

சுபாஷ் இப்போதுதான் வாய் திறந்தான். சத்துணவு வரிசையில் அவன் சொன்னது இதுதானாம்: "உங்கப்பன் செம்மரம் வெட்டப் போனவன். திரும்பி வர மாட்டான்."

செம்மரம் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும்.

அம்மாவின் மாத்திரை தீர்ந்திருக்கும், வாங்குங்கள்.

சுபஸ்ரீ

*

நைனார்பாளையம்
5.10.2025

அன்பு மகளுக்கு. மாத்திரை வாங்கிவிட்டேன். நாங்கள் நலம்.

தெரியும் அம்மா. ஆந்திராக் காட்டில் வெட்டுக் கூலி என்று ஏஜென்ட் வந்து மலை ஆட்களை அழைத்துப்போவான். போனவர்களில் சிலர் வருவார்கள், சிலர் ஜெயிலில் இருப்பார்கள். மற்றவர்களைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். கீழே நாங்கள் இதையெல்லாம் பேப்பரில் படித்துவிட்டு டீயைக் குடிக்கிறவர்கள்.

அந்த ஜீப்காரன் அய்யப்பனைக் கேள். மரம் வெட்ட மலையிலிருந்து யார் இறங்கினாலும் பஸ்ஸில் இல்லை, ஜீப்பில்தான் இறங்கியிருப்பார்கள். அவனுக்குத் தெரியாமல் இருக்காது.

இன்னொன்று. நீ உன்னையே நினைத்துக்கொண்டு சோறு தின்னாமல் இருக்காதே. வாய்தான் உன்னுடையது, அதில் வந்த வார்த்தை நான் எழுதிக் கொடுத்தது. ஆதார் கார்டு வரைக்கும்.

இந்த இடத்தில் ஏதாவது தமாஷாக எழுதலாம் என்று பேனாவை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். வரவில்லை.

அப்பா

*

கல்வராயன் மலை
26.10.2025

அன்புள்ள அப்பாவுக்கு. நலம். தீபாவளிக்கு வராததற்கு அம்மா வருத்தப்பட்டிருப்பார். என்னால் வர முடியவில்லை.

அய்யப்பனை நான் தேட வேண்டியிருக்கவில்லை. அவரே பள்ளி வாசலுக்கு வந்தார். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை.

"மூக்கன் போயி ஒரு வருசத்துக்கு மேல ஆவுது டீச்சர். ஜீப்ல ஏத்தினு போயி ஏஜென்டாண்ட வுட்டதே நாந்தான். அந்தப் பாவத்துக்குத்தான் அன்னிக்கி அப்பன்னு சொல்லிகினு வந்தேன். நீங்க கார்டு கேட்டுட்டீங்க."

"அன்றைக்கே இதைச் சொல்லியிருக்கலாமே?"

"பையன் முன்னாடி இன்னான்னு சொல்றது?"

கலைவாணன் அவரிடம் போய், அப்பாவைக் கொண்டுவிட்ட இடத்தில் என்னையும் விடு என்று கேட்டிருக்கிறான். அவர் மறுத்திருக்கிறார். வேறு ஜீப்பில் போயிருக்கிறான். ஏஜென்டிடம் மரம் வெட்ட வருவதாகச் சொன்னால் காட்டுக்குள் கொண்டுபோவார்கள், அங்கே அப்பாவைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைத்திருக்கிறான். காட்டுக்குப் போகும் வழியிலேயே எல்லாரையும் ஆந்திரா போலீஸ் பிடித்துவிட்டது. வயது குறைவு என்பதால் இவனைத் திருப்பதிக்கு அந்தப் பக்கம் ஓர் ஊரில் சிறுவர் கூர்நோக்கு இல்லத்தில் வைத்திருக்கிறார்கள். பெற்றவர்கள் வந்து கையெழுத்துப் போட்டால் அனுப்பிவிடுவார்களாம். பெரியம்மாள் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு அப்பால் எதையும் பார்த்ததில்லை.

இது பள்ளிக்கூட விஷயம் இல்லை, நீ தலையிடாதே என்கிறார் தலைமையாசிரியர். எனக்கு லீவு தரவில்லை.

அப்பா, நீங்கள் போவீர்களா?

சுபஸ்ரீ

*

நைனார்பாளையம்
23.11.2025

அன்பு மகளுக்கு. போய்விட்டுத் திரும்பிவிட்டேன். முழங்கால் பரவாயில்லை. அம்மா நலம்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பெரியம்மாளைக் கள்ளக்குறிச்சியில் அய்யப்பன் கொண்டுவந்து விட்டான். துணிப்பையில் இலையில் கட்டிய இரண்டு சோற்றுப் பொட்டலம் வைத்திருந்தார். "ஒண்ணு பையனுக்கு, ஒண்ணு அவருக்கு" என்றார். பஸ்ஸில் எனக்குப் பசித்தது. அவர் பையை மடியை விட்டு இறக்கவில்லை.

அந்த இல்லத்தில் காவலுக்கு இருந்தவர் எங்களைப் பார்த்தார். ஒரு ஆள், ஒரு பெண்பிள்ளை. உள்ளே திரும்பித் தெலுங்கில் கத்தினார். அதில் "நான்ன" என்ற சொல் மட்டும் எனக்குப் புரிந்தது. அப்பா வந்திருக்கிறார் என்று சொல்லியிருக்கிறார்.

பையன் ஓடிவந்தான் சுபா. காலில் செருப்பு இல்லை. கதவு வரைக்கும் ஓடிவந்து என்னைப் பார்த்தான். பார்த்ததும் நின்றுவிட்டான்.

"இவரு எங்கப்பா இல்ல" என்றான்.

நான் ஆயுசில் எத்தனையோ பரீட்சையில் தவறியவன். இப்படித் தவறியதில்லை.

பெரியம்மாள் பொட்டலத்தைக் கொடுத்தார். அவன் தின்றான். அதிகாரி அம்மா தமிழ் பேசினார், நல்ல மாதிரி. தாயே வந்திருக்கிறார், கையெழுத்துப் போடுங்கள், பையன் வருகிறேன் என்று சொன்னால் அழைத்துப்போகலாம் என்றார். அவன் வர மாட்டேன் என்றான்.

"எங்கப்பா இந்த ஊரு ஜெயில்லதான் இருக்கறாராம். அவர இட்டுகினுதான் வருவேன். அவரு இல்லாம உள்ள வரக்கூடாதுன்னு மிஸ் சொல்லியிருக்கறாங்க."

அந்த மிஸ்ஸின் அப்பாதான் நான் என்று அவனிடம் சொல்லவில்லை.

ஜெயிலுக்குப் போனோம். அந்தப் பெயரில் யாரும் இல்லை, எப்போதும் இருந்ததும் இல்லை என்றார்கள். அங்கிருந்து இன்னோர் இடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஒருவர் மேஜைக்கு அடியிலிருந்து, காட்டில் கிடந்த பேர் தெரியாத உடல்களின் போட்டோக்கள் சிலவற்றை எடுத்துப் போட்டார். நான் பார்க்கவில்லை, பெரியம்மாள் பார்த்தார். ஒன்றைக் கையில் எடுத்தார். வெளிச்சத்துக்குத் திருப்பினார். பிறகு வைத்துவிட்டார்.

"இவரு இல்லீங்க" என்றார்.

வெளியே ஒரு புங்கமரம். அதன் அடியில் உட்கார்ந்து மீதி இருந்த பொட்டலத்தைப் பிரித்தார். இலையை விரித்து வைத்தார். கையில் தண்ணீர் எடுத்து இலையைச் சுற்றி விட்டார். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து மரத்தைப் பார்த்தார். காக்கா வர நேரமானது. வந்து கொத்தின பிறகுதான் எழுந்தார்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. நீயும் கேட்காதே. பஸ் ஏறும்போது ஒன்று சொன்னார்: "பையனாண்ட சொல்லிடாதீங்க." எதைச் சொல்லக்கூடாது என்று அவர் சொல்லவில்லை.

அவன் உன் வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருக்கிறான் அம்மா. வேறு யார் கூப்பிட்டாலும் வர மாட்டான்.

அப்பா

*

கல்வராயன் மலை
21.12.2025

அன்புள்ள அப்பாவுக்கு. நலம். நீங்கள் இருவரும் நலமா?

சம்பளமில்லா லீவில் போனேன். பெரியம்மாளும் வந்தார், வாசலிலேயே உட்கார்ந்துகொண்டார்.

கலைவாணன் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். வகுப்பில் ஒருநாளும் அப்படி நின்றதில்லை. மெலிந்திருந்தான். மொட்டை அடித்திருந்தார்கள். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன்.

"நான் அன்றைக்குச் சொன்னது தப்பு, கலை. அப்பா வர வேண்டாம். நீ மட்டும் வா. போதும்."

"ஏன் மிஸ்?"

அவ்வளவுதான் கேட்டான். அதற்கு ஒத்திகை பார்க்கவில்லை, அப்பா. ஏதாவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம். தலைமையாசிரியர் மனம் மாறிவிட்டார் என்று சொல்லியிருக்கலாம். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வாசல் பக்கம் திரும்பி அவன் அம்மாவைப் பார்த்தான். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அவன் அழவில்லை. உள்ளே போய்ப் பையை எடுத்து வந்தான். அதே பை. கணக்குப் புத்தகம் உள்ளேயே இருந்தது.

ஊர் வந்து சேர்ந்து பத்து நாள் ஆகிறது. பள்ளிக்கு வரவில்லை. பெரியம்மாளுக்கு உடம்பு முடியவில்லை. மரவள்ளி பிடுங்க ஆள் இல்லை. கலைவாணன் அய்யப்பனின் ஜீப்பைக் கழுவுகிறான், ஆள் ஏற்றி இறக்குகிறான். நேற்று ஜீப்பின் பின்னால் தொங்கிக்கொண்டு போனவன் என்னைப் பார்த்ததும் வணக்கம் வைத்தான். கை காட்டி நிறுத்தினேன்.

"திங்கட்கிழமையிலிருந்து வகுப்புக்கு வாடா" என்றேன்.

"யார இட்டாரணும் மிஸ்?" என்று கேட்டான்.

கேலியாக இல்லை, அப்பா. நிஜமாகவே கேட்டான்.

நான் என்ன பதில் சொல்ல வேண்டும்?

சுபஸ்ரீ

*

நைனார்பாளையம்
28.12.2025

அன்பு மகள் சுபஸ்ரீக்கு அப்பா எழுதுவது. உன் அம்மா நலம். மாடு நலம். என்னைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

நீ கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியாது. போன ஜூலையில் கேட்டிருந்தால் உடனே இரண்டு பக்கம் எழுதியிருப்பேன்.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸுக்கு வருகிறேன். பள்ளிக்கூடத்துக்கு இல்லை, அந்தப் பையன் கண்ணில் படவும் இல்லை. மரவள்ளி பிடுங்க ஆள் இல்லை என்று எழுதியிருந்தாய். எனக்கு ஒழுங்காகத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். பெரியம்மாளிடம் சொல்லிவை. கூலி ஆள் என்று சொல், வேறு ஒன்றும் சொல்லாதே. கொல்லை வேலை முடிந்தால் பையனுக்கு ஜீப் கழுவ ஒரு காரணம் குறையும். அதற்குமேல் அவன் வருவானா, மாட்டானா என்பது அவன் இஷ்டம். கூப்பிட வேண்டாம். வந்தால் ஒன்றும் கேட்காமல் உட்காரச் சொல்.

நேற்று டீக்கடைக்குப் போனேன். ராமசாமி கண்ணாடி டம்ளரைத் துடைத்துக்கொண்டே, "இன்னா மாயவா, மலையிலேர்ந்து லெட்டர் வர்றதில்லையா? அந்த ஜீப்காரன் கதை இன்னா ஆச்சி, அசல் அப்பன் வந்தானா இல்லியா? படிச்சிக் காட்டேன்" என்றான். உன் கடிதம் சட்டைப் பையில்தான் இருந்தது.

"வரலப்பா" என்று சொல்லிவிட்டேன்.

டீ ஆறிப்போயிருந்தது. குடித்துவிட்டு வந்தேன். பனி ஜாஸ்தி என்கிறான் சின்னக்கண்ணு. காதை மூடிக்கொண்டு படு.

அப்பா,
மாயவன்